திரும்பி வந்தவர்களின் விசுவாசம்

துன்பகாலத்து விசுவாசம் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் மனம் போய் நிற்கும் இடங்கள் இரண்டு. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூர் ஒன்று. 1752 ஜனவரியில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை மற்றொன்று. முன்னவர் 1947இலும் பின்னவர் 2022இலும் புனிதராக அறிவிக்கப்பட்டார்கள். உயிரைக் கொடுத்தேனும் விசுவாசத்தைக் காப்பது என்ற ஒரே அளவுகோலை இவ்விரு மண்ணும் நமக்குள் ஆழமாக ஊன்றியிருக்கின்றன. கோவை, ஈரோடு, திருப்பூர், தாராபுரம், சேலம் என விரியும் கொங்கு நாட்டில் தமிழகமெங்கும் பேர்சொல்லும் அப்படியொரு வேதசாட்சித் தலம் கிடையாது. ஆனால் துன்பத்துக்குக் குறைவு இருந்ததில்லை. மைசூர்ப் போர்கள், தாது வருஷப் பஞ்சம், பிளேக், பண்ணையடிமைத்தனம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கொரோனா முடக்கம், திருப்பூரின் தொழில் சரிவுகள் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சுமந்திருக்கிறது. கொங்கின் கிறிஸ்தவச் சபை அவற்றை எப்படித் தாங்கியது என்று பார்த்தால் ஓரியூரின் அளவுகோல் போதாது என்பதே என் கருத்து. யார் கடைசிவரை நின்றார் என்று கேட்பதோடு, விழுந்தவர் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்ததா, பசித்தவரோடு ஒரே பந்தியில் யார் உட்கார்ந்தார் என்றும் கேட்க வேண்டும். கொங்கின் வரலாறு இந்தக் கேள்விகளுக்குத்தான் அதிகச் சான்று தருகிறது. அந்தச் சான்றுகள் எல்லாமே பெருமைப்படத் தக்கவை அல்ல.

தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து வடக்கே பயணப்பட்டு சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். அதே நூற்றாண்டில் சத்தியமங்கலம், தாராபுரம், கருமத்தம்பட்டி வட்டாரங்களிலும் சேசு சபையாரின் பணி வேர்பிடித்தது. பிறகு வந்த இடி வெளியிலிருந்து விழவில்லை. 1759இல் போர்த்துக்கல் அரசு சேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது; 1773இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்தார். இருந்த குருக்கள் முதிர்ந்து மறைய, புதியவர் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. அதே காலத்தில்தான் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் கொங்கு மண் படைகளின் வழித்தடமானது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை, ஆயர் எங்கேயோ தொலைவில். அந்த ஆண்டுகளில் விசுவாசம் தங்கியிருந்தது உபதேசியார்களிடமும், கோயில்பிள்ளைகளிடமும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பெண்களிடமும். கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் தயவில் பிழைத்த மதம், அதற்கு ஏது சோதனை என்று கேட்பவர்கள் இந்தக் காலகட்டத்தைப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் கம்பெனியார் கைக்கு முழுமையாக வந்தது 1799இல்தான். அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கொங்குக் கிறிஸ்தவர்களுக்குப் பின்னால் எந்த ஐரோப்பிய அரசின் நிழலும் இல்லை.

திப்பு சுல்தான் காலத்தில் சோதனை நேரடியாகவே வந்தது. 1784இல் மங்களூர்க் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சிறைப்பிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மைசூர் ஆட்சிக்குட்பட்ட கொங்குப் பகுதியிலும் ஆலயங்கள் இடிபட்டதைக் கருமத்தம்பட்டி போன்ற பழைய தலங்களின் மரபு இன்றும் சொல்கிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின், சிதறிய கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க அனுப்பப்பட்டவர் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த அபே துபுவா. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூலால் உலகம் அவரை அறியும். 1823இல் அவர் வெளியிட்ட, இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்களில் கசப்பான ஒரு பகுதி உண்டு. அறுபதாயிரம் பேர் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானார்கள், அவர்களில் ஒருவர்கூட உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்லவில்லை என்று வெட்கத்தோடு எழுதுகிறார். அந்த எண்ணிக்கை மிகையென்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். நம் கேள்விக்கு முக்கியமானது அதே இடத்தில் அவர் தரும் இன்னொரு செய்தி. ஆட்சி மாறியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாமாகவே சபைக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அவரே தம் வழியில் சந்தித்தார். மறுதலித்தது வெளித்தோற்றத்தில்தான், உள்ளத்தில் விசுவாசத்தைக் காத்தோம் என்றார்கள். துபுவாவுக்கு அது சாக்காகத் தோன்றியது. ஆனால் திரும்பி வருமாறு யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. போன உடைமைகள் மீளும் என்ற உறுதியும் இல்லை. இருந்தும் வந்தார்கள். கட்டாயத்தின் கீழ் சொன்ன சொல்லைக் காட்டிலும் கட்டாயம் நீங்கியபின் எடுத்த முடிவு ஒருவருடைய விசுவாசத்துக்கு நம்பகமான சாட்சி என்று நான் எண்ணுகிறேன்.

இந்த வரலாற்றைத் தொடும்போது கோயம்புத்தூரில் எழுதுகிறவருக்கு ஒரு கடமை உண்டு. திப்புவின் செயல்களில் போர் அரசியல் கலந்திருந்தது. மங்களூர்க் கிறிஸ்தவர்கள் ஆங்கிலேயருக்கு உதவியதாக அவர் நம்பினார். அதே திப்பு, 1791இல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அதைச் சீராக்கப் பொருளுதவி செய்தவர். 1997 நவம்பரில் தொடங்கிய கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் இந்த நகரத்தை எப்படிக் கிழித்தன என்பது நமக்குத் தெரியும். அந்தக் குண்டுகளில் மட்டும் 58 பேர் மாண்டார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய மன்னனின் கணக்கை உக்கடத்து முஸ்லிமிடம் கேட்பது கிறிஸ்தவம் ஆகாது. துன்ப நினைவைப் பகைக்கு விறகாக்காமல் வைத்திருப்பதும் விசுவாசத்தை வாழும் வழிகளில் ஒன்று.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். விழுந்தவரை இவ்வளவு பரிவோடு பார்த்தால் நின்றவருக்கு என்ன மரியாதை? தேவசகாயத்தின் இரத்தம் மலிவாகிவிடாதா? இந்தக் கேள்வி துபுவாவுக்கும் முந்தியது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென்று ஆணையிட்டான். அத்தகைய சான்றிதழ்கள் எகிப்து மணலிலிருந்து பாப்பிரசு ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. பலர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். துன்பம் ஓய்ந்ததும் இவர்கள் எல்லாரும் சபையின் வாசலில் வந்து நின்றார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமாபுரியில் நொவாத்தியான். எதையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம் என்றவர்களும் இருந்தார்கள். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் 251இல் இரண்டுக்கும் நடுவே நின்றார்: மனந்திரும்புதலுக்குக் காலம் கொடு, கதவை மட்டும் மூடிவிடாதே. அந்தத் துன்பத்தின்போது தலைமறைவாக இருந்ததற்காகச் சிப்பிரியானே பழி கேட்டவர். ஆனால் 258 செப்டம்பரில் அடுத்த துன்பம் வந்தபோது அவர் கழுத்தை நீட்டினார். நிற்கிறவரின் பெருமையும் விழுந்தவரின் மீட்சியும் ஒன்றையொன்று தின்பவை அல்ல என்பதற்கு அந்த ஒரே வாழ்க்கை போதும். சபை பின்பற்றியது நொவாத்தியானை அல்ல, சிப்பிரியானைத்தான்.

துபுவாவின் சபையைச் சேர்ந்த இன்னொரு குருவுக்கு அரை நூற்றாண்டு கழித்து நேர்ந்தது இதோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. 1865 மார்ச் 17 அன்று ஜப்பானின் நாகசாகியில் பெத்திழான் என்ற குரு கட்டிய புதிய ஆலயத்துக்கு உராகாமி கிராமத்து மக்கள் சிலர் வந்து, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்ற பொருள்படப் பேசினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குருவைக்கூடக் காணாத கிறிஸ்தவர்கள் அவர்கள். அந்த இருநூறு ஆண்டும் அவர்களின் முன்னோர் அதிகாரிகள் முன்னிலையில் இயேசு, மரியாள் உருவங்களைக் காலால் மிதித்தார்கள். வீடு திரும்பியதும் மன்னிப்புக் கேட்டு மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். மிதித்த கால்களின் வழியாகத்தான் ஜப்பானில் விசுவாசம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கும் நூற்றுக்கணக்கான வேதசாட்சிகள் உண்டு. அவர்களின் பெயர்களை நினைவில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் உயிரோடு மிஞ்சிய இந்த எளியவர்களே.

வாளுக்குப் பின் பசி. 1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கியது. சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறக்குறைய 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கோயம்புத்தூர் மாவட்டம் ஒரு லட்சத்துக்கு மேல் இழந்தது. தானியம் முற்றிலும் இல்லாமல் போனதால் மட்டும் வந்த சாவு அல்ல இது. விலை ஏறியது, கூலி வேலை நின்றது, வாங்கக் கையில் காசு இல்லை. போதாக்குறைக்கு 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று படியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. 1830இல் அடிஸ் பாதிரியார் வந்ததிலிருந்து கோயம்புத்தூரில் இயங்கிவந்த லண்டன் மிஷன் போன்ற சபைகளைச் சேர்ந்தவர்கள் மாகாணமெங்கும் கஞ்சித்தொட்டிகளிலும் நிவாரணக் குழுக்களிலும் உழைத்தார்கள். பஞ்சம் ஓய்ந்தபோது தென்னாட்டின் பல பகுதிகளில் ஏழைகள் திரளாகச் சபைகளில் சேர்ந்தார்கள்.

உடனே எழுந்தது ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏளனம். அது இன்றும் ஓயவில்லை. 2002 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்து 2004இல் விலக்கிக்கொண்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தின் பின்னால் இருந்ததும் இந்தச் சந்தேகமே. சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பசித்தவனிடம் கஞ்சியைக் காட்டி ஞானஸ்நானத்தைப் பேரம் பேசினால் அது சுவிசேஷத்துக்கே அவமானம். இதைக் கிறிஸ்தவர்களே முதலில் சொல்ல வேண்டும், சொல்லியும் இருக்கிறார்கள். ஒங்கோலில் பணியாற்றிய பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளாவ், பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் நிவாரண வேலையை எடுத்துப் பல ஆயிரம் பேருக்குக் கூலி கொடுத்தார். பஞ்சம் நீடித்த காலம் முழுதும், கேட்டு வந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். நிவாரணம் முடிந்தபின், 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சி நின்றபிறகு வந்தவர்களை அரிசிக் கிறிஸ்தவர் என்பது எப்படிப் பொருந்தும்? எல்லா இடத்திலும் கிளாவ் போன்ற கண்டிப்பு இருந்தது என்று நான் வாதிடவில்லை. பஞ்சம் தீர்ந்ததும் விலகிப்போனவர்களும் உண்டு. ஆனால் இந்த ஏளனத்தின் அடியில் இருக்கும் எண்ணத்தை ஏற்க முடியாது: பசி உள்ளவனின் விசுவாசம் அசல் அல்ல, வயிறு நிறைந்தவனின் விசுவாசம்தான் அசல் என்பது அது. சாகக் கிடந்தபோது தம்மை மனிதராக மதித்த கூட்டத்தைத் தேடி வருவதற்கு ஒருவருக்கு அதைவிட நல்ல காரணம் என்ன வேண்டும்? அப்பத்துக்காகத் தம்மைத் தேடிவந்த கூட்டத்தை இயேசு கடிந்துகொண்டது உண்மை. அவர்களுக்கு முதலில் உணவு கொடுத்த பிறகே கடிந்துகொண்டார் என்பதும் உண்மை.

பிளேக் நோய் கோவை நகரத்தை மாறி மாறித் தாக்கியது. 1901இல் 53,080 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1911இல் 47,007க்கு இறங்கியது. நகரத்தின் பல மூலைகளில் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் சாட்சிகள். நோய் எந்த மதத்தையும் விசாரித்துக்கொண்டு வரவில்லை. தம் காலத்துக் கொள்ளைநோயில், நம்மவர் பிறர் என்று பாராமல் பகைவரையும் கவனியுங்கள் என்று சிப்பிரியான் கார்த்தேஜ் சபையாருக்குச் சொன்னது கொள்ளைநோய் வரும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

பசியையும் நோயையும்விட இந்தச் சபையை அதிகமாகச் சோதித்தது சாதி. வெளியிலிருந்து வரும் துன்பம் ஒரு கூட்டத்தை ஒன்றாக்கும். சாதி பந்தியிலேயே பிளந்து வைக்கும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டுவிட ஏழைகள் பசித்திருந்ததைப் பவுல் கடிந்துகொண்டார். திருவிருந்தையே அது கெடுத்துவிட்டது என்றார். கொங்கில் அந்தக் கடிதத்தின் முழுப் பாரத்தையும் உணர்ந்தவர் மரியோன் பிரேசியாக். 1813இல் பிரான்சில் பிறந்து 1842இல் புதுச்சேரி வந்த இவர், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார். 1850இல் கோயம்புத்தூர் தனி மறைத்தளமானபோது அதன் முதல் தலைவரானார். உள்ளூர்க் குருக்களை உருவாக்கி அவர்கள் கையில் சபையை ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய தீராத வேட்கை. ஆனால் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட சாதி வழக்கங்களில் எதை ஏற்கலாம், எதை விலக்கலாம் என்பதில் மிஷனரிகளுக்குள் ஒற்றுமை இல்லை. 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் விதித்திருந்த விதிகளின்மேல் ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். நடைமுறையில் ஆளுக்கொரு விதமாக நடந்தார்கள். சாதி வழக்கத்தில் கண்டிப்புக் காட்டினால் மக்கள் விலகுவார்கள், விட்டுக்கொடுத்தால் நற்கருணை பொய்யாகிவிடும். இந்த நெருக்கடியில் மனசாட்சி அமைதிப்படாமல் பிரேசியாக் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 1855இல் அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859 ஜூன் 25 அன்று சியரா லியோனின் பிரீடவுனில், வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே, மஞ்சள் காய்ச்சலில் மாண்டார். கொங்கின் சாதியால் மனம் நொந்து போன ஒருவரை இன்று ஆப்பிரிக்கச் சபைகள் தந்தையென்று போற்றுகின்றன.

அவர் தோற்று ஓடினார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பொய்யான அமைதியைவிடப் பதவியை இழப்பது மேல் என்று முடிவெடுத்ததுதான் அவர் கொங்குக்கு விட்டுச்சென்ற சாட்சி. அதே காலகட்டத்தில் சீர்திருத்தச் சபைகள் வேறு வழி பிடித்தன. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனே அகற்றும்படி சுற்றறிக்கை விட்டார். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், எல்லாச் சாதியாரும் சேர்ந்துண்ணும் சமபந்தியைச் சபையில் சேர்வதற்கான சோதனையாகவே வைத்தார்கள். தீர்மானம் போட்டதால் சாதி ஒழியவில்லை என்பது நமக்குத் தெரியும். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் 2008இல் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மூண்ட சாதி மோதலில் துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் இறந்தார்கள். திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்தைச் சாதிச் சுவர் இரண்டாகப் பிரித்தது. ஆனாலும் அந்த 1850ஆம் ஆண்டு மிஷனரிகள் சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள்: உபதேசத்தில் அல்ல, இலையில்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கில் சபைகள் பெருகியது பெரும்பாலும் அருந்ததியர், ஆதிதிராவிடர் குடியிருப்புகளில். ஈரோட்டில் லண்டன் மிஷன் சார்பில் உழைத்த ஆஸ்திரேலியர் பிரப் பாதிரியாரின் பெயரை அவ்வூர் ஆலயம் இன்றும் தாங்கி நிற்கிறது. தாராபுரம் வட்டாரத்தில் வெஸ்லியன் மெதடிஸ்ட்டுகள் பணியாற்றினார்கள். இந்தப் புதிய கிறிஸ்தவர்களின் துன்பம் எந்த ஆணையிலும் எழுதப்படாதது. கிணற்றுப் பாசனத்துக்குக் கவலை இறைக்கும் தோல் பறியைத் தைப்பதும், செருப்புத் தைப்பதும், பண்ணையத்தில் ஆளாக இருப்பதும் மாதாரிகள் எனப்பட்ட அருந்ததியரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. குடியிருந்த இடமும் குடித்த தண்ணீரும் கவுண்டர் தோட்டத்தைச் சார்ந்தவை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரவில்லை என்றால், பண்டிகையில் பறை அடிக்க மறுத்தால், பிழைப்பே போகலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கிணறுகளில் மோட்டார் ஏறத் தொடங்கியதும் பறியின் தேவை குறைந்தது. அடிமைத்தளை தளர்ந்தது, கூடவே வேலையும் போனது. இவர்கள் நடத்திய போராட்டத்தில் வாள் இல்லை, மன்னன் இல்லை. ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போவதா தோட்டத்துக்குப் போவதா என்ற முடிவு, வாரந்தோறும், ஆண்டுக்கணக்காக. ஓரியூரின் அளவுகோலால் அளந்தால் இது கண்ணுக்கே தெரியாது.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950 முதல் 1959 வரை அதன் கோயம்புத்தூர் பேராயராக இருந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. 1927லேயே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதிய இவர், இறையறிவுக்கு வேதம், யுக்தி, அனுபவம் ஆகிய பிரமாணங்களோடு சபையையும் சேர்த்தார். பல்கலைக்கழகத்து இறையியலாளர் சபையைப் பிரமாணமாக எண்ணுவது சிறு திருத்தம்போலத் தோன்றலாம். தனியொருவரின் அனுபவம் இருளும் நேரத்தில், ஜெபிக்க வாய் வராதபோது, பக்கத்தில் இருப்பவர் நமக்காக விசுவசிக்கிறார் என்பதை ஏற்கும் திருத்தம் அது. கொங்கின் சபைகளுக்குக் கிடைத்த சிறந்த இறையியல் இதுவென்பேன்.

இன்று கோவையிலும் திருப்பூரிலும் துன்பகாலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கடன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன; 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. சிறு பட்டறைக்காரரும் பனியன் கம்பெனித் தொழிலாளியும் ஒன்றிலிருந்து எழும்முன் அடுத்ததில் விழுந்தார்கள். இந்த மண்ணில் ஆசீர்வாதச் செய்திகளுக்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. அந்த மரபையும் எளிதில் தள்ளிவிட முடியாது: துயரப்படுவோருக்காக ஜெபிப்பதையே தம் ஊழியமாக்கிய டி. ஜி. எஸ். தினகரன், சிறுவாணி அடிவாரத்தில் காருண்யா கல்லூரியைத் தொடங்கிய அதே 1986இல் தம் மகளை விபத்தில் இழந்தவர். ஆறுதல் தேவைப்படுகிறவர்களிடம் ஆறுதலைப் பேசுவது பிழையல்ல. ஆனால் விசுவாசம் இருந்தால் தொழில் செழிக்கும் என்ற போதனை எங்கெல்லாம் முன்னுக்கு வருகிறதோ, அங்கெல்லாம் தொழில் நொடித்தவர் ஆலயத்துக்கு வரக் கூசுகிறார். தம் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணி, சாட்சி சொல்ல ஒன்றும் இல்லாமல் பின்வரிசைக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுகிறார். யோபுவின் நண்பர்கள் அவரிடம் பேசிய நியாயம் இதேதான். அந்த நூலின் முடிவில் கடவுள் கோபித்தது யோபுவை அல்ல, அந்த நண்பர்களை. கடனில் மூழ்கியவர் தம் நிலையைத் திறந்து சொல்லக்கூடிய இடமாக ஒரு சபை இருக்கிறதா என்பது இன்றைய திருப்பூரில் துபுவாவின் வாசலில் எழுந்த கேள்வியின் மறுவடிவம்.

ஊரடங்கின்போது 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர் பூட்டிய ஆலயங்களோடு கழிந்தது. குருக்கள் இல்லாத பதினெட்டாம் நூற்றாண்டைப்போல் விசுவாசம் மறுபடி வீட்டுக்குள் வந்தது. செல்போன் திரையில் ஆராதனை பார்க்க முடிந்தவர்களைவிட, டேட்டா போட வழியில்லாத குடும்பங்களையும் வீட்டு வாடகைக்குத் தவித்தவர்களையும் தேடிப் போனவர்களே அந்த நாட்களில் சபையாக இருந்தார்கள்.

கடைசியாக, கொங்கின் தலித் கிறிஸ்தவர்களை நாள்தோறும் தொடும் துன்பம் ஒரு தாளில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவரான அருந்ததியர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார். 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த மூன்று சதவீத உள்ஒதுக்கீடு அவருக்கு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. தெருவில் அவரை நடத்தும் முறையோ மாறவில்லை. ஆகவே ஆலயத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் ‘இந்து’ என்ற சொல்லுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. இதை இரட்டை வேடம் என்று வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கண்டிக்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்றது. கண்டிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையின் மருத்துவப் படிப்பா, ஞானஸ்நானப் பதிவா என்று தேர்ந்தெடுக்கும் நிலை ஏன் ஒரு சாதிக்காரருக்கு மட்டும் வருகிறது? அதே ஆலயத்தில் முன்வரிசையில் அமரும் மற்றச் சாதிக் கிறிஸ்தவருக்குத் தம் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்வதில் எந்த இழப்பும் இல்லை. இழப்பில்லாதவர் இழப்புள்ளவரின் உண்மையை அளப்பது நொவாத்தியானின் வேலை.

சட்டம் மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பரிந்துரையைச் செய்தது. 2022 அக்டோபரில் அதே கேள்விக்காக முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. அதற்கிடையில் சபை தன் கையில் இருப்பதைச் செய்யலாம். சபை நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் அருந்ததியக் கிறிஸ்தவருக்கு இடமும் வேலையும் கொடுக்க எந்த அரசாணையும் தடையாக இல்லை. ஆலோசனைச் சங்கத் தேர்தலில் அவர்களை நிறுத்தவும், கல்லறைத் தோட்டத்தில் வரிசை பிரிக்காமல் புதைக்கவும், சான்றிதழில் வேறு மதம் எழுதியிருப்பவருக்கும் திருவிருந்தில் இடம் விடவும் டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. பிரேசியாக் 1855இல் பதில் கிடைக்காமல் விட்டுப்போன கேள்வி கோயம்புத்தூரின் ஒவ்வொரு பங்குப் பேரவையின் மேசையிலும் சேகர மன்றத்தின் மேசையிலும் இன்னும் இருக்கிறது.